நகக்கப்பல்

நோர்வேயின் வடகோடியில், ஸ்கார்வோய் என்ற மீன்பிடி ஊரில், இரண்டு மாதமாக முகம் காட்டாமலிருந்த சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து கால் மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன அந்தத் தை மாதக் கிழமையில், மீன் தொழிற்சாலையில் எல்லோரும் காலைக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், செத்தவர்களின் நகங்களால் கட்டப்பட்ட ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. மேற்பார்வைக்காரி பெரித் யன்னலால் பார்த்தாள், இந்தச் சனியன் இதிலே நின்றால் மீன்படகுகளை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று எரிந்து விழுந்தாள், மிச்சக் கோப்பியைக் குடித்து முடித்தாள். துறைமுகப் பொறுப்பாளர் கரையில் நின்று கப்பலின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேட்டுச் சத்தம் வைத்தார். மேலே ஆளரவம் இல்லை. அவர் என்ன செய்வார் பாவம், ஒரு நீல நைலோன் கயிற்றால் அதை இழுத்துக் கட்டிவிட்டு, கொப்பியில் ‘கப்பல் ஒன்று, நகம்’ என்று எழுதி வைத்தார்.

ஒன்றிரண்டு நகம் என்று நினைக்காதேயுங்கோ. பெருவிரல் நகமெல்லாம் அடிப்பலகை, சின்னவிரல் நகமெல்லாம் பாய்மரம், மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஆணி இல்லை, பிசின் இல்லை, ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. மண் ஏறின நகம், பீடி பிடித்து மஞ்சளான நகம், இரத்தம் கட்டிக் கறுத்த நகம், நொய்யரிசி அளவில் கைக்குழந்தை நகம். காற்றடித்தால் கப்பல் முழுக்கச் சரசரவென்று ஒரு சத்தம் வரும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எதையோ பிறாண்டுகிற சத்தம்.

தவமலருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்று வருசமாக அந்தத் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறாள். கொட் மீனை முள் தெரியாமல் இரண்டு வீச்சில் சதை கழட்டிப் போடுவாள். ஊரில் உள்ள நாற்பது தமிழ்ச் சனத்தில் அரைவாசிப் பேர் அங்கேதான் வேலை. வேலை தொடங்குமுன் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று புறங்கையை நீட்டவேண்டும், பெரித் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு போவாள். சதையைத் தாண்டி ஒரு நூலளவு நகம் நின்றாலும் சுவரில் தொங்கும் நகவெட்டியைக் காட்டி வெட்டச் சொல்லுவாள். பதின்மூன்று வருசத்தில் தவமலரின் கையை அவள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

கப்பல் வந்த மறுநாள் கை பார்க்கும்போதுதான் பெரித் அந்தச் சொல்லைச் சொன்னாள். நாக்ல்ஃபார். அவளுடைய தாய் நகம் வெட்டிவிடும்போது சொல்லுகிற சொல்லாம், பிறகு முப்பது நாற்பது வருசமாக ஒருவர் வாயிலும் கேட்கவில்லையாம், கப்பலைக் கண்டதும்தான் நாக்கில் வந்ததாம். செத்த ஆளை நகம் வெட்டாமல் அனுப்பக்கூடாது, அனுப்பினால் அந்த நகம் போய் நாக்ல்ஃபார் என்ற கப்பலில் ஒட்டிக்கொள்ளும், அது கட்டி முடிகிற அன்றைக்குச் செத்தவர்களை ஏற்றிக்கொண்டு கடவுள்மாரோடு சண்டைக்குப் புறப்படும், உலகம் அத்தோடு சரி. அதனால்தான் தங்கள் ஆட்கள் பிரேதத்தைப் பெட்டியில் வைக்குமுன் விரல் விரலாக வெட்டிச் சுத்தம் செய்வார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். ஆயிரம் வருசமாக ஒழுங்காக வெட்டி வந்திருக்கிறோம், பிறகு எப்படி இது முடிந்தது என்றுதான் விளங்கவில்லை என்றாள்.

தவமலர் நீட்டின கையை எடுக்கவில்லை.

“எங்கட ஆக்களாலைதான் முடிஞ்சது,” என்றாள். “நீங்கள் ஆயிரம் வருசம் இழுத்தடிச்ச வேலை. எங்கட பக்கம் ஒரு வைகாசி மாசத்திலை முடிச்சுக் குடுத்தவை.”

பெரித் அடுத்த கைக்குப் போனாள். தவமலர் போய்த் தன் இடத்தில் நின்று கத்தியை எடுத்தாள். அன்றைக்கு அவள் வெட்டின மீனெல்லாம் முள்ளோடு போனதென்று பின்னேரம் முறைப்பாடு வந்தது.

அவள் ஏன் அப்படிச் சொன்னாளென்று சொல்லவேண்டும். அந்த வைகாசியில், அவள் பிறந்த நாட்டுச் சண்டையின் கடைசி வெள்ளிக்கிழமை, கடற்கரை மணலில் சேலையைக் கிழித்து மண்மூட்டை கட்டிப் போட்ட பதுங்குகுழிக்குள் அவளும் அவளுடைய ஒரே மகன் துவாரகனும் குந்தியிருந்தார்கள். அவனுக்கு இருபத்தொரு வயது. பிடித்துக்கொண்டு போகப்பட்டு இயக்கத்தில் மூன்று மாதம் இருந்து ஓடிவந்தவன். ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியவேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியப் போவதென்று தாயும் மகனும் முடிவெடுத்தார்கள். அவன் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து நகவெட்டியை எடுத்தான். நாளைக்கு அவங்களுக்கு முன்னால் மனுசன் மாதிரிப் போய் நிற்கவேண்டும் அம்மா, இந்தக் கையைப் பார்த்தால் பதுங்குகுழி வெட்டினவன் என்று சொல்லுவாங்கள் என்றான். தவமலர் எட்டி அதைப் பறித்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதுவும் பொழுதுபட்டுப் போச்சு, வீட்டுக்குக் கூடாது, வெட்டாதை என்றாள். எந்த வீட்டுக்கு அம்மா என்று கேட்டு அவன் சிரித்தான். தலைக்கு மேலே ஷெல் கூவிக்கொண்டு போகிறது, இவள் நாள் பார்க்கிறாள்.

விடிய நகம் வெட்ட நேரம் கிடைக்கவில்லை. முள்ளுக்கம்பியைத் தாண்டி, தன் கையாலேயே அவனுடைய கையைப் பிடித்துக் கொண்டுபோய், பேருந்துக்குப் பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் ஒப்படைத்தாள். அந்த அதிகாரி அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொடுத்தான். பின்னேரம் விட்டுவிடுவோம் அம்மா என்று நல்ல தமிழில் சொன்னான். அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை. நகவெட்டி மட்டும், வெளிநாட்டுக்கு ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரரின் கையெல்லாம் மாறி அவள் மூன்று நாடு தாண்டி வந்தபோதும், அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது.

இனிக் கப்பலுக்கு வருவோம். ஒரு கிழமைக்குள் ஊர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நகரசபை பக்கத்தில் குந்தியிருக்க ஒரு வாங்கும் அறிவிப்புப் பலகையும் வைத்தது. பள்ளிக்கூடம் பிள்ளைகளை வரிசையில் கொண்டுவந்து காட்டியது. நூலகக்காரி ஒரு மாலை வகுப்பு வைத்து, அந்தச் சொல்லின் முன்பாதிக்கு நகம் என்று பொருளா பிணம் என்று பொருளா என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள் என்று படம் போட்டு விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த தவமலர் எழும்பி, அவர்களை ஒருக்கால் எங்கள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கே இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு ஊரெல்லாம் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சப்பத் தொடங்கியது. வேலை முடிக்கப் பிந்தினவனை நாக்ல்ஃபார் கட்டுகிறாயா என்று கேட்டார்கள். பேக்கரியில் நாக்ல்ஃபார் பணிஸ் வந்தது. தமிழ்ச் சனம் மட்டும் அதை நகக்கப்பல் என்றது.

முதலில் கண்டுபிடித்தது கெங்கா. தவமலருக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவள். சும்மா பார்க்கவென்று ஏறினவள், நடுப்பக்கத்துப் பலகையில் ஐந்து நகம் வரிசையாக, பாதி உரிந்த ரோசா நிறக் கியூட்டெக்ஸோடு ஒட்டியிருக்கக் கண்டாள். கடைசித் தங்கச்சிக்குத் தன் கையால் பூசிவிட்ட கியூட்டெக்ஸ். அவள் வைத்த குளறலில் ஊர் நாயெல்லாம் குரைத்தது. பிறகு ஆறுதலாக அந்த ஐந்தையும் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்து சாமித்தட்டில் வைத்தாள், பதினைந்து வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடியும்வரை நித்திரை கொண்டதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு கேட்கவேணுமே. ஒஸ்லோவிலிருந்து, பேர்கனிலிருந்து, சுவீடனிலிருந்து கார் காராகச் சனம் வந்திறங்கியது. பூதக்கண்ணாடியோடு வந்தவர்கள், பழைய படத்தோடு வந்தவர்கள், தாயின் கைச்சாடை தெரியுமென்று தங்கள் கையையே விரித்துவைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். கப்பல் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கண்டவர்கள் கழற்றினார்கள், கழற்றினவர்கள் அழுதார்கள், அழுதவர்கள் ஐயரைப் பிடித்தார்கள். பாதிரியார் தேவாலய மண்டபத்தைத் திறந்துவிட, அங்கே பதினைந்து வருசமாகச் செய்யாமல் கிடந்த அந்தியேட்டிக் கிரியையெல்லாம் வரிசையில் நடந்தது, சிலர் நகத்தைக் கடலில் கரைத்தார்கள். நம்முடைய தமிழ்ச் சங்கம் சும்மா இருக்குமா? தலைவர் தர்மகுலசிங்கம் கப்பலில் எந்தக் கொடி கட்டுவதென்று கூட்டம் வைத்தார், கூட்டம் இரண்டாக உடைந்தது, உடைந்த இரண்டும் தனித்தனியாக விளக்கேற்றின. நகத்தில்கூட ஒற்றுமைப்பட ஏலாத சனம் என்று தவமலர் காறித் துப்பினாள்.

அவள் கப்பலில் ஏறவில்லை. ஏறினால் துவாரகன் அதில் இருந்தாலும் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. பார்க்கிறவர்களெல்லாம் ஒருக்கால் ஏறிப் பாருங்கோவன் அக்கா, மனம் ஆறும் என்றார்கள். என்ர மனம் ஆறுறதுக்கு அதென்ன சுடுசோறோ என்று திருப்பிக் கேட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வாங்கிலே போய் இருந்தாள். அவளுக்கு மட்டும் இரண்டு விசயம் தெரிந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கப்பல் தெற்கே மூக்கை வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தபடியே நின்றது. மற்றது, ஒவ்வொரு அந்தியேட்டிக்குப் பிறகும் அது ஒரு விரற்கடை தாழ்ந்து போனது. ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

மாசி நடுவில் நாங்கள் விட்டுவந்த நாட்டு அரசாங்கத்தின் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனுசன், கம்பளித் தொப்பி, இருமல், கை நிறையப் படிவம். நகத்தைக் கண்டெடுத்தவர்கள் கையெழுத்து வைத்தால் மரணச் சான்றிதழ், காணாமல்போனவர் என்ற கோப்பு மூடப்படும், குடும்பங்களுக்கு ஒரு முடிவு கிடைக்கும் என்று சங்க மண்டபத்தில் மேசை போட்டு இருந்தார். உடைந்த சங்கம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அவருக்கு மாலை போட்டன. களைத்துப்போன சனம் கையெழுத்து வைத்தது. அந்தச் சனத்தை ஏச ஏலாது. பதினைந்து வருசம் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கண் பூத்துப்போகாது? ஏசவேண்டியது மேசையைப் போட்டவனை.

தர்மகுலசிங்கம் தவமலரின் வீட்டுக்கு நேரே வந்தார். உங்களுடைய ஒரு கோப்புத்தான் இந்த ஊரில் மிச்சம் அக்கா, அவர் வியாழக்கிழமை திரும்பிப் போகிறார், அதற்குப் பிறகு கப்பலை நகரசபை மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்போகுது, பிறகு தேடவும் ஏலாது என்றார். தேத்தண்ணீர் கொடுக்காமல் அவரை அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல், வெள்ளைச் சப்பாத்தோடு தவமலர் கப்பலில் ஏறினாள். கரையில் சனம் கூடிவிட்டது. அவள் முன்னணியத்துக்கு நேரே போனாள், யாரோ சொல்லிவைத்த மாதிரி. தெற்கைப் பார்த்து நின்ற கூர்மூக்கின் நுனியில் ஒரு பெருவிரல் நகம், நடுவால் இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. துவாரகன் ஏழு வயதில் சைக்கிள் செயினுக்குள் விரலைக் கொடுத்துப் பிளந்த நகம். மூன்று மாதம் மஞ்சளும் எண்ணெயும் கட்டினது அவள். நீளமாக இருந்தது. நகத்துக்குக் கீழே கடற்கரை மணல் அப்படியே கறுத்து இறுகிக் கிடந்தது.

அவள் அதன்மேல் நெற்றியை வைத்தாள். அழுதாளா என்று கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது, முதுகுதான் தெரிந்தது. பிறகு கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தாள். இப்போது கழற்றப்போகிறாள் என்று சனம் எட்டிப் பார்த்தது. அவள் கழற்றவில்லை. பதினைந்து வருசம் பிந்தின அந்த நகத்தை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நகவெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டாள், இறங்கி உத்தியோகத்தருக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கண்டீங்களா அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

“கண்டனான். அவன்தான்.”

அவர் பேனையின் மூடியைத் திறந்து நீட்டினார்.

“கையெழுத்து வைக்கிறன்,” என்றாள் தவமலர். “அதுக்கு முதல் நீங்கள் எழுதுங்கோ. இவனை நான் உயிரோடை கொண்டுபோய் ஆரின்ரை கையிலை குடுத்தனான், குடுத்த நேரம் என்ன, வாங்கின ஆள் ஆர், எல்லாத்தையும் எழுதுங்கோ. எழுதினாப் பிறகு கீழை நான் வைக்கிறன்.”

உத்தியோகத்தர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். உண்மையிலேயே தேடினார், தேடவில்லை என்று சொன்னால் பாவம்.

“அப்பிடியொரு கட்டம் இதில் இல்லை அம்மா.”

“இல்லையெண்டு எனக்குத் தெரியும்,” என்றாள். “செத்தவன்ரை பேருக்குக் கட்டம் இருக்கு, செத்த திகதிக்குக் கட்டம் இருக்கு, எனக்குக் கையெழுத்துப் போடக் கட்டம் இருக்கு. சாக்காட்டினவனுக்கு மட்டும் கட்டம் இல்லை. இது முடிவில்லை தம்பி, இது மூடி.”

இதைச் சொல்லிவிட்டு அவள் அங்கியின் பொக்கற்றுக்குள் கையை விட்டு மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். தர்மகுலசிங்கம் இரண்டு அடி பின்னுக்குப் போனார். அவரை யார் பார்த்தது? அவள் நேரே கயிறு கட்டின கட்டைக்குப் போனாள். துறைமுகப் பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பக்கத்தில் நின்ற பெரித் அவருடைய சட்டைக்கையைப் பிடித்தாள்.

“நில்லுங்கோ அக்கா,” என்று ஒரு குரல். கெங்கா சனத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள், கையில் கைலேஞ்சி முடிச்சு. நேரே கப்பலில் ஏறி, நடுப்பலகையில் விழுந்திருந்த ஓட்டையில் அந்த ஐந்து ரோசா நகத்தையும் வைத்து அழுத்தினாள். அவை ஒட்டிக்கொண்டன. அவளைப் பார்த்துப் பின்னால் ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் ஒஸ்லோவிலிருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதி, சாமித்தட்டுக்குள் இருந்ததும் கழுத்துத் தாயத்துக்குள் இருந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. கடலில் கரைத்தது போனதுதான். ஆனாலும் கப்பல் ஒரு முழம் நிமிர்ந்தது.

கொட் மீனுக்கு இரண்டு வீச்சு. நைலோன் கயிற்றுக்கு மூன்று. கயிறு அறுந்ததும் நகக்கப்பல் பாயும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல், வடக்கே வீசிய காற்றைக் கிழித்துக்கொண்டு தெற்கே திரும்பியது. அது கடவுள்மாரிடம் போகிறதா, அவர்களுக்கு முதல் வேறு யாரிடமாவது போகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. உத்தியோகத்தர் மட்டும் அது எங்கே போகும் என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, கேட்ட கேள்விக்குத் தானே பயந்தவர் மாதிரி, தொப்பியை இழுத்துக் காது வரைக்கும் போட்டுக்கொண்டார்.

நகரசபை கயிற்றை வெட்டியதற்காகக் கடிதம் போட்டது, தவமலர் அதில் மீன் முள்ளைச் சுற்றி எறிந்தாள். வாங்கு அங்கேயே இருந்தது. பேக்கரி பணிஸ் நின்றுபோனது. அந்தச் சொல்லும் மெல்ல மெல்ல வாயிலிருந்து இறங்கிப் பழையபடி புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கப்பல் போய் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு புதன்கிழமை காலை, பெண்கள் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். பெரித் விரல் விரலாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் தவமலரிடம் வந்ததும் நின்றாள். பத்து விரலிலும் நகம் சதையைத் தாண்டி ஒரு நூலளவு வெள்ளையாக நின்றது. பெரித் சுவரில் தொங்கிய நகவெட்டியைக் காட்டினாள், வெட்டு என்றாள்.

“வெட்ட ஏலாது,” என்றாள் தவமலர். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

பெரித் திரும்பிக் கலண்டரைப் பார்த்தாள். இன்றைக்குப் புதன்கிழமை தவமலர் என்றாள், குரலில் கோபம் இல்லை.

“உங்களுக்குப் புதன். என்ரை பிள்ளையை ஆரிட்டைக் குடுத்தனான் எண்டு எழுதித் தாற நாள் மட்டும் எனக்கு வெள்ளிக்கிழமைதான்.”

பெரித் அந்தக் கையைப் பிடித்தாள். மீன் பெட்டிகள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. வெட்டாமல் உள்ளே விட்டால் அவளுடைய வேலை போகும், வெளியே அனுப்பினால் தவமலருடைய வேலை போகும். பிறகு அவள் அந்தக் கையை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். அடுத்து நின்றது கெங்கா. அவள் புறங்கையைத் திருப்பி நீட்டினாள், அதிலும் நகம் வெட்டாமல் நின்றது, அவளுக்குப் பின்னால் நின்றவளும் நீட்டினாள், அதற்குப் பின்னால் நின்றவளும் நீட்டினாள். அந்த வரிசை முழுவதுக்கும் அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தது.